கடலை இலையில் சுற்றி அனுப்பியது

சேசு மரி சூசை துணை

அந்தோணியார்புரம்,
காளையார்கோவில் வழி.
31-5-2020, பெந்தகோஸ்து ஞாயிறு

கோயம்புத்தூர் பூச்சியியல் பிரிவு அதிகாரி திருமதி ஆரோக்கிய ஷீலா அவர்களுக்கு,

மேற்படி ஊரில் கடலை விவசாயம் செய்யும் ஞானபூரணி எழுதிக்கொண்டது. இதை ஒரு விவசாயி என்ற முறையில் எழுதுகிறேன். வேறு எந்த முறையிலும் இல்லை. படிப்பு ஐந்தாவதோடு நின்றுபோனாலும் என் கடிதத்துக்கு இன்னொருவர் கையில் பேனாவைக் கொடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளவும். திருத்துவது தங்களுக்குப் பழக்கம்தானே.

விஷயம் இதுதான். மேற்கு வரப்பு எருக்கஞ்செடிகளில் பூச்சி ஏறியிருக்கிறது. விரல் நீளம் இருக்கும். மஞ்சள் உடம்பில் நீலமும் பச்சையுமாகப் பட்டை, யாரோ உட்கார்ந்து பெயின்ட் அடித்த மாதிரி. குச்சியால் தட்டினால் தண்ணீர் பீய்ச்சுகிறது. டிவியில் வடக்கே வெட்டுக்கிளி வானத்தை மறைத்துக்கொண்டு பறப்பதையும் ஜனங்கள் தட்டைத் தட்டிக்கொண்டு வயலில் ஓடுவதையும் காட்டுகிறார்கள். கிருஷ்ணகிரி வரைக்கும் வந்துவிட்டது என்று இங்கே பேச்சு.

பக்கத்து வயல் சோணைமுத்து வந்து, “அக்கா, மோசே எகிப்துல விட்ட கூட்டம் இதுதானாமே? ஒங்க வேதத்துல இருக்குங்கிறாக” என்றார். “அது பார்வோன் ராசாவுக்கு வந்தது. ஒனக்கு இருக்கிறது ஒரு ஏக்கரு. ஒன்னத் தேடி எதுக்குய்யா வருது?” என்று கேட்டேன். சிரித்தாரே ஒழிய, ஆள் பயந்துபோயிருக்கிறார். காரைக்குடிக்குப் போய்க் கடுமையான மருந்து வாங்கிவந்து வைத்திருக்கிறார். வரப்பு முழுக்க அடித்துவிடுவோம் என்று ஊரும் அவர் பக்கம் நிற்கிறது. வரப்புக்குக் கீழே இருப்பது குடிக்கிற ஊருணி என்பது தங்களுக்குத் தெரியும். அதில்தான் தாங்கள் நீச்சல் பழகியது.

நான் குறுக்கே நின்று, “என் மக கோயம்புத்தூர்ல பூச்சிக்கே அதிகாரி. அவ சொல்லட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் ஸ்பிரேயரத் தோள்ல ஏத்தக்கூடாது” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஊரில் எல்லோருக்கும் தெரியும், இரண்டு வருஷமாக நமக்குள் பேச்சு இல்லை என்று. யாரும் வாய் திறக்கவில்லை. அது எனக்குக் கொடுத்த மரியாதை.

இது வெட்டுக்கிளிதானா, கடலைக்குள் இறங்குமா, மருந்து அடிக்கலாமா, இதற்குப் பதில் எழுதவும். இதோடு பூச்சி அனுப்பியிருக்கிறேன். மண்ணெண்ணெய்த் துணியில் மூடிச் சாகடித்து, வழியில் ஆடாமல் இருக்கக் கடலை இலையில் சுற்றி, மாத்திரைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் குருத்து ஞாயிறுக்குக் கோவில் பூட்டு. பூச்சி அண்டாமல் ஊன்றுகிற மந்திரித்த ஓலை இல்லாமல் வயல் மூலை வெறுமையாக நிற்கிறது. பூச்சி வந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாங்கள் வந்திருந்தபோது கோவில் மைதானத்தில், ஊர்க் கூட்டத்தில், மந்திரித்த தீர்த்தம் தெளித்துத்தான் கம்பளிப்புழு போனது என்று எழுந்து சொன்னேன். “தீர்த்தத்துக்கெல்லாம் புழு சாகாதும்மா” என்று தாங்கள் மைக்கில் சொன்னீர்கள். சனம் சிரித்தது. நான் எழுந்து வீட்டுக்கு வந்தவள்தான்.

போன் வேண்டாம். கடிதம் போதும்.

இப்படிக்கு,
தை. ஞானபூரணி

*

கோயம்புத்தூர்
8-6-2020

பெறுநர்: திருமதி ஞானபூரணி தைரியநாதன்
பொருள்: பூச்சி அடையாளம் காணல் தொடர்பாக

அம்மையீர்,

தாங்கள் அனுப்பிய மாதிரி இன்று கிடைத்தது. ஊரடங்கினால் தபால் தாமதம். பெட்டி நசுங்கியிருந்தாலும் பார்த்துச் சொல்லும் அளவுக்கு மிச்சம் இருந்தது.

1. இது எருக்கு வெட்டுக்கிளி. வடக்கே வந்திருக்கும் பாலைவன வெட்டுக்கிளி வேறு. அது இளமையில் ரோஜா நிறமாகவும் முற்றியபின் மஞ்சளாகவும் இருக்கும். இப்படி நீலப் பட்டை அதற்குக் கிடையாது. கூட்டமாக நெடுந்தூரம் பறப்பதும் அதுதான். தங்கள் வரப்பில் உள்ளது எருக்கைத் தின்று எருக்கிலேயே கிடக்கும். எப்போதாவது பக்கத்துப் பப்பாளி, கத்தரியைக் கடிக்கலாம். கடலைக்கு ஆபத்து மிகக் குறைவு.

2. மருந்து அடிக்க வேண்டாம். ஊருணிக்குப் பக்கத்தில் அடிக்கவே கூடாது. அது பீய்ச்சும் நீர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

3. இதுதான் முக்கியம். பூச்சியைச் சுற்றியிருந்த கடலை இலையைப் பிரித்துப் பார்த்தேன். ஓர் இலையின் பச்சையைச் சுரண்டித் தின்றுவிட்டு நரம்பை மட்டும் சல்லடை மாதிரி விட்டிருக்கிறது. இன்னொன்றின் அடியில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல். இது புரோடீனியா புழு. தங்கள் கடலைக்கு ஆபத்து வரப்பில் இல்லை, வயலுக்குள்ளேயே இருக்கிறது. இப்போது குஞ்சுப் புழுவாக ஓர் இலையில் கூட்டமாக இருக்கும். அந்த இலைகளைக் கிள்ளி அழித்தால் போதும். விட்டால் பெருத்து வயல் முழுக்கப் பரவி, பகலில் மண்ணுக்குள் ஒளிந்து ராத்திரியில் தின்னும். பிறகு பிடிக்க முடியாது.

இன்று காலையிலிருந்து தங்கள் எண்ணுக்கு அழைத்துக்கொண்டே இருக்கிறேன். எடுக்கவில்லை. சோணைமுத்து மாமாவின் பழைய எண் வேலை செய்யவில்லை. ஆகவே அங்குள்ள வட்டார வேளாண் அலுவலகத்தில் பேசி, உடனே ஒருவரை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வருபவரைத் தயவுசெய்து வயலுக்குள் விடவும்.

மாதிரி வந்த பெட்டி சர்க்கரை நோய் மாத்திரைப் பெட்டி. அது யாருடையது என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
ஆரோக்கிய ஷீலா

*

சேசு மரி சூசை துணை

அந்தோணியார்புரம்
10-6-2020

அதிகாரி அவர்களுக்கு,

பூச்சியும் கடிதமும் அனுப்பிவிட்டு வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதில் இல்லை. தபால்காரர் காசி என்னைப் பார்த்தால் சைக்கிளை அங்குட்டுத் திருப்பிக்கொண்டு போகிறார். பதில் எழுத மனமில்லை என்றால் அதையாவது ஒரு கார்டில் எழுதிப் போடலாம்.

திங்கட்கிழமை முழுக்கப் போன் அடித்தது. யார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. கடிதத்துக்குக் கடிதம்தான் முறை.

இங்கே ஒரு சங்கதி நடந்தது. நேற்று மூஞ்சியில் துணி கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி வந்தார். விவசாய ஆபீஸாம். “பூச்சி பார்க்க வந்திருக்கேன்மா, வயல் எங்குட்டு இருக்கு?” என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. என் மகள் சொல்ல வேண்டிய இடத்தில் நேற்று முளைத்த ஒருவர் எதையாவது சொல்லிவிட்டுப் போனால், ஊர் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நான் பேசிய பேச்சுக்கு என்ன மரியாதை?

“தம்பி, இந்தப் பூச்சிக்குப் பதில் கோயம்புத்தூர்லருந்து வருது. பெரிய அதிகாரி எழுதுறாக. நீங்க மோர் குடிச்சிட்டுக் கெளம்புங்க” என்றேன். அவர் என்னவோ சொல்ல வந்தார். “எனக்குத் தெரியும்ய்யா” என்று சொல்லி வயல் பக்கம் இறங்கவே விடவில்லை. மோரையும் குடிக்காமல் போய்விட்டார். மாஸ்க்கைக் கழற்றக் கூடாதாம்.

கூலிக்கு வருகிற புஷ்பவள்ளி பார்த்துவிட்டு, “ஆத்தாடி, மகளப் பத்தி ஒரு வார்த்த விட்டுக்குடுக்க மாட்டீகளே, அதப் போன்ல அதுகிட்டயே சொன்னா என்ன?” என்று கேட்டாள். “கூலிக்கு வந்தமா, களை எடுத்தமான்னு இரு” என்றேன். அந்தக் கோபத்தில் இன்றைக்குக் கூலிக்கும் அவள் வரவில்லை. யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. டிவியில் பூசை பார்க்கிறேன். சாமியார் “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்று சொல்லும்போது பதில் சொல்ல வீட்டில் என் குரல் மட்டும்தான் இருக்கிறது. அதைக் கேட்கவே ஒரு மாதிரியாக இருக்கிறது.

ஊர் இன்னும் மருந்து அடிக்காமல் பொறுத்திருக்கிறது. வெகு நாள் பொறுக்காது. தினமும் காலையில் போய் எருக்கில் எத்தனை உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன். கடலைப் பக்கம் அது இன்னும் திரும்பவில்லை. கடலை நன்றாகப் பூத்திருக்கிறது. வரப்பிலிருந்து பார்க்க ஒரே பச்சை.

இப்படிக்கு,
தை. ஞானபூரணி

*

கோயம்புத்தூர்
17-6-2020

அம்மா,

பொருள், பெறுநர் எதுவும் இன்றைக்கு எழுதப்போவதில்லை.

அந்தத் தம்பியை அனுப்பியது நான். நான்தான் அம்மா. அவர் திரும்பி வந்து, “மேடம், அந்தம்மா உங்களப் பத்தியே பேசி என்னய அனுப்பிட்டாக” என்று போனில் சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மறுநாள் அவர் தெருவில் யாருக்கோ நோய் என்று கட்டை கட்டி அடைத்துவிட்டார்கள். அங்கே வேறு ஆள் இல்லை. இ-பாஸுக்கு நானே எழுதிப் போட்டேன். சாவும் கல்யாணமும்தான் காரணமாம். புழு காரணம் ஆகாது என்று திருப்பிவிட்டார்கள்.

என் முதல் கடிதம் இதற்குள் உங்களுக்குக் கிடைத்திருக்கும். வரப்பில் நின்று பார்த்தால் புரோடீனியா தெரியாது. குனிந்து இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மஞ்சளும் நீலமுமாக எருக்கில் அது உட்கார்ந்திருந்தால் யார்தான் குனிந்து பார்ப்பார்கள்? ஊரே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். உங்களைச் சொல்லி என்ன செய்ய? ஆனால் போனை எடுத்திருக்கலாம் அம்மா. ஒரே ஒரு தடவை எடுத்து, “என்ன?” என்று மட்டும் கேட்டிருந்தால் போதும். இலையைத் திருப்புங்கள் என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

மைக்கில் சொன்னதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் பாதிப் பேர் உங்களைப் பார்த்துத்தான் எதையும் செய்கிறவர்கள். தீர்த்தம் போதும் என்று நீங்கள் சொன்னால் அவர்கள் தாய்ப்பூச்சியைப் பிடிக்க விளக்குப் பொறி வைக்க மாட்டார்கள். சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் அவர்கள் சிரித்தபோது நானும் சிரித்துவிட்டேன். அதை நீங்கள் எழுதவில்லை. பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இங்கே ஆபீசில் ஒரு தளத்துக்கு ஒருவர்தான். காலையில் போனால் சாயங்காலம் வரை நானும் ஊசி குத்திய பூச்சிகளும். உங்கள் மாப்பிள்ளை அருண் ஜோசப் மஸ்கட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார். எப்போது விமானம் என்று அவருக்கும் தெரியாது. ஆஷ்லின் போனைப் பார்த்துப் பாடம் படிக்கிறாள். நேற்று, “மம்மி, அம்மாச்சி குரல் எப்படி இருக்கும்?” என்று கேட்டாள். நான் பேசிக் காட்டினேன். திட்டுவது மாதிரிதான் எனக்குப் பேச வந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் எனக்குத்தான் அடுப்படிக்குப் போக வேண்டியிருந்தது.

புழு பெருத்திருந்தால் கிள்ளுவதால் பயன் இல்லை. தவிட்டில் வெல்லத்தைக் கரைத்துப் பிசைந்து மருந்து கலந்த உருண்டை செய்து, சாயங்காலம் செடிகளுக்கு நடுவே வைக்க வேண்டும். அளவைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். கையில் பாலித்தீன் உறை மாட்டாமல் தொடாதீர்கள். கோழி, ஆடு அந்தப் பக்கம் போகக் கூடாது.

மாத்திரைக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஷீலா

*

சேசு மரி சூசை துணை

அந்தோணியார்புரம்
25-6-2020

ஷீலாவுக்கு,

உன் முதல் கடிதம் பதினாறாம் தேதி வந்தது. இரண்டாவது நேற்று.

முதல் கடிதத்தைக் காசி கொடுக்கும்போதே சோணைமுத்தும் இன்னும் நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள். கோவில் வாசலில் எட்ட எட்ட நின்று, “படிங்கக்கா, படிங்கக்கா” என்றார்கள். நான் சத்தமாக வாசித்தேன். இது வேறு, அது வேறு, மருந்து வேண்டாம் என்று வாசித்ததும் எனக்குத் தலை நிமிர்ந்துபோனது. சோணைமுத்து, “அதென்னக்கா, பெத்த தாய்க்கு ‘அம்மையீர்’னு எழுதுது?” என்றார். “அரசாங்கக் கடுதாசிய்யா, ஆத்தாவுக்கும் அப்படித்தான் எழுதணும், சட்டம்” என்றேன். நம்பிவிட்டார். மருந்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது நம்பருக்கு வந்ததும் மனசுக்குள் வாசித்தேன். “மிச்சம் என்னக்கா?” என்றார்கள். “அது குடும்ப விஷயம்” என்று மடித்துவிட்டேன்.

நேரே வயலுக்குப் போனேன். குனிந்து இலையைத் திருப்பினேன். ஷீலா, வரப்பிலிருந்து தெரிந்த பச்சை முன் நாலு வரிசையோடு சரி. உள்ளே போகப் போகச் சல்லடைதான். குஞ்சுப் புழு காலம் தாண்டிவிட்டது. செடியடி மண்ணைக் கிளறினால் சுண்டுவிரல் தண்டிக்குச் சுருண்டு கிடக்கிறது. தினமும் காலையில் அந்த வயலைத் தாண்டித்தான் நான் எருக்குக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

புஷ்பவள்ளியைக் கூப்பிட்டேன். மூஞ்சியைத் திருப்பாமல் வந்தாள். நீ எழுதிய தவிட்டு உருண்டை சமாச்சாரம் வருவதற்கு முன்னால் நாங்கள் கையாலேயே பொறுக்கினோம். வாளியில் சோப்புத் தண்ணீர் வைத்துப் போட்டோம். பகலில் மண்ணுக்குள், ராத்திரியில் மேலே. பொறுக்கப் பொறுக்க அது பாட்டுக்கு இருந்தது. நேற்று உன் கடிதம் வந்ததும் உருண்டை வைத்தேன். உறை மாட்டித்தான் வைத்தேன். கோழியைக் கூடையில் கவிழ்த்துவிட்டேன். காலையில் பார்த்தால் புழு செத்துக் கிடந்தது உண்மை. ஆனால் கிழக்குப் பாதி போய்விட்டது. மேற்குப் பாதி தேறும் போலத் தெரிகிறது.

எருக்கில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கடலை இலையைக் கூடத் தொடவில்லை. ஊருக்கு நான் பெரிய மனுஷி ஆகிவிட்டேன். “ஒங்க மக சொன்னது அப்படியே நடந்துருச்சு, வெட்டுக்கிளி வரவே இல்லயே” என்று வழியில் நிறுத்திச் சொல்கிறார்கள். என் வயலுக்குள் இறங்கி யாரும் பார்க்கவில்லை. நானும் கூட்டிப் போய்க் காட்டவில்லை.

அந்தத் தம்பிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். மோர் குடிக்க வரச் சொன்னேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் அதை மட்டும் எழுதினேன்.

நீ சிரித்ததைப் பார்த்தேன். உன் அப்பா இருந்த காலத்தில் சிரித்த மாதிரியே வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாய். அதனால்தான் அதை எழுதவில்லை.

மாத்திரைப் பெட்டி என்னுடையதுதான். கூட்டம் நடந்த வருஷத்திலிருந்து. சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பயப்பட ஒன்றும் இல்லை. என் குரல் திட்டுவது மாதிரி இருக்கும் என்று பிள்ளைக்கு ஏன் காட்டினாய்?

அம்மா

*

கோயம்புத்தூர்
6-7-2020

அம்மா,

பாதி தேறும் என்று எழுதியிருந்ததை இரண்டு மூன்று தடவை படித்தேன். அந்தப் பாதிக்கு இனி மருந்து எதுவும் வேண்டாம். ஆமணக்கு விதை இருந்தால் வரப்போரம் ஊன்றிவிடுங்கள். தாய்ப்பூச்சி அதில் முதலில் முட்டை வைக்கும், பார்த்துக் கிள்ளிவிடலாம்.

சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று நம்பர் எழுதுங்கள். “பயப்பட ஒன்றும் இல்லை” என்பது நம்பர் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குப் போன் செய்வேன். எடுப்பதும் எடுக்காததும் உங்கள் இஷ்டம்.

ஷீலா

*

சேசு மரி சூசை துணை

அந்தோணியார்புரம்
12-7-2020, ஞாயிறு

ஷீலாவுக்கு,

நேற்று நீ கூப்பிடுவதற்கு வெகு நேரம் முன்னாலேயே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அடித்தது. எடுத்தேன். நீ “அம்மா” என்றாய். நான், “ஆமணக்கு எத்தனை அடிக்கு ஒண்ணு ஊனணும்?” என்று கேட்டேன். நீ சொன்னாய். “மழை உண்டா?” என்றாய். “இல்லை” என்றேன்.  உன் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது எனக்குக் கேட்டது. இங்கே மயில் கத்தியது உனக்குக் கேட்டிருக்கும். பிள்ளை பின்னால், “மம்மி, பேசுங்க, பேசுங்க” என்றது. நீ வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கடைசியில் சார்ஜ் போய் அதுவே நின்றது.

பேசத் தெரியாதவள் என்று நினைத்துக்கொள்ளாதே. ஊரையே பேசி நிறுத்தியவள் நான். உன் மூச்சு காதில் விழுந்ததும் சொல்ல நினைத்தது எல்லாம் தொண்டையில் வரிசை கட்டி நின்றுகொண்டது. எழுதினால் ஒவ்வொன்றாக வருகிறது.

கடலை ஆடி கடைசியில் பறிப்புக்கு வரும். அதற்குள் பாஸ் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று காசி சொல்கிறார். சாவு, கல்யாணம் என்று பொய் எதுவும் எழுதாதே. அம்மா வீட்டுக்கு என்று எழுது. கொடுத்தால் கொடுக்கட்டும்.

மற்ற வருஷம் என்றால் பறிக்கப் புஷ்பவள்ளி ஆட்களோடு வருவாள். வயல் முழுக்கச் சத்தமாக இருக்கும். இந்த வருஷம் ஆள் சொல்லவில்லை. இருக்கிறதைப் பறிக்க இரண்டு பேர் போதும். ஒரு ஆள் நான் இருக்கிறேன்.

அம்மா